பிப் இன்ஸ்டோலுக்கு முதல் இதைச் சொல்லிக் குடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில மாணவர் பக்கத்தில பைதன் பாடம் போடுறீங்கள், ஏ.எல். ஐசிடி செய்யிற பிள்ளையளுக்கு உதவிதான். ஆனா பிப் எண்ட கருவியால பக்கேஜ் (மற்றாக்கள் எழுதி வச்ச ஆயத்தக் கோட்) போட முதல், புரொஜெக்ட் ஒவ்வொண்டுக்கும் தனி என்விரோன்மென்ட், அதாவது அதின்ர பக்கேஜுகளுக்கெண்டு தனி ஃபோல்டர், போட்டு அதை ஒன் பண்ணி ஓஃப் பண்ணுறதை நீங்களும் சொல்லேல்ல, இங்க டியூசன் கிளாஸிலயும் சொல்லுறாங்களில்ல.

திருகோணமலை டவுனுக்குள்ள ஒரு கிளாஸில பாத்தன், காலமை பட்ச் பழைய ஜாங்கோ (வெப்சைட் செய்யிற பைதன் பக்கேஜ்) போட்டு வேலை செய்யுது, பின்னேரம் வாற பட்ச் அதே கொம்பியூட்டரில புதுசைப் போட காலமை ஆக்களின்ர புரொஜெக்ட் படுத்திடுது, கடைசியில சேர் விண்டோஸையே திருப்பி அடிக்கிறார்! தனி என்விரோன்மென்ட் போடுற வெனவ் (venv) எண்ட கருவி 2012ல பைதன் 3.3ஓட சேந்தே வந்திட்டுது, விண்டோஸ்காரர் தனிய ஒண்டும் இறக்கத் தேவையில்ல, உபுண்டுவில மட்டும் ஒரு சின்ன பக்கேஜ் போடோணும்.

ஆக்டிவேட், அதுதான் ஒன் பண்ணுறது, எண்டா பெரிய மந்திரம் ஒண்டுமில்ல. நீங்கள் கமாண்ட் அடிக்கிற டெர்மினல் விண்டோவில பாத் லிஸ்டின்ர (கமாண்டுகளைக் கொம்பியூட்டர் தேடுற ஃபோல்டர் லிஸ்ட்) முன்னுக்கு உங்கட என்விரோன்மென்ட் ஃபோல்டர் வந்து நிக்கும், அதால பைதன், பிப் எண்டு அடிச்சா அங்க இருக்கிறதுதான் ஓடும். டீஆக்டிவேட் அடிச்சா பாத் பழையபடி, போட்ட பக்கேஜ் ஒண்டும் அழியாது. வேற விண்டோ திறந்தா அங்க திரும்ப ஒன் பண்ணோணும், "நேத்துப் போட்டது இண்டைக்குக் காணேல்ல சேர்" எண்டு பிள்ளையள் நிக்கிறது பெரும்பாலும் இதாலதான். விண்டோஸின்ர பவர்ஷெல் விண்டோவில சிவப்பு எழுத்தில ஸ்கிரிப்ட் ஓட விடமாட்டன் எண்டு வந்தா பயப்படாமல் கமாண்ட் புரொம்ப்டில போய் அடிச்சா சரி.

இன்னொரு கரைச்சல் பென் டிரைவ். கிண்ணியாவில வீட்டில செய்ததை என்விரோன்மென்ட் ஃபோல்டரோட அப்பிடியே கொப்பி பண்ணிக்கொண்டு வருகினம், அதுக்குள்ள வீட்டுக் கொம்பியூட்டரின்ர முழு ஃபோல்டர் முகவரியும் எழுதிக் கிடக்கும், கிளாஸில ஓடாது. அந்த ஃபோல்டருக்குப் பதிலா, பிப் ஃப்ரீஸ் அடிச்சு எடுத்த ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை (போட்ட பக்கேஜ், வேர்ஷன் லிஸ்ட்) கோடோட கொண்டு வந்து இங்க புதுசாப் போடுறதுதான் சரி. டேட்டா முடிஞ்சிடும் எண்டு தாய் தகப்பன் யோசிப்பினம், ஆனா ஒரே கொம்பியூட்டரில அதே வேர்ஷனை அடுத்த புரொஜெக்ட்டுக்குப் போடேக்க பிப் வழமையா தன்ர கேஷில (முந்தி இறக்கினதை வச்சிருக்கிற இடம்) இருந்துதான் எடுக்கும்.

அடுத்த பாடத்தில இதைப் போடுங்கோ ஐயா, விண்டோஸ் லினக்ஸ் ரெண்டுக்கும் வேற வேறயா, ஏனெண்டா ஆக்டிவேட் ஃபைல் விண்டோஸில ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள, லினக்ஸில பின் ஃபோல்டருக்குள்ள.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.