கணினி ஆய்வுகூடத்தில் வகுப்புக்கு ஒரு ஹாட் டிஸ்க்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வணக்கம். இந்தத் தவணையிலிருந்து எமது கணினி ஆய்வுகூடம் கொஞ்சம் வேறு விதமாக இயங்கப்போகிறது. கணினிகள் அதே பழைய கணினிகள்தான். உள்ளே நிரந்தரமாக இருந்த, எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் ஹாட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, முன்பு சீடி போட்ட இடத்தில், டிஸ்க்கைச் செருகி எடுக்கக்கூடிய ஒரு கூடு பூட்டியிருக்கிறோம். தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்கு ஒரு டிஸ்க், சாதாரண தரத்துக்கு ஒன்று, உயர்தரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் தனித்தனியே பணிசெயல் முறைமை, அதாவது கணினியை இயக்கும் விண்டோஸ் போன்ற அடிப்படை மென்பொருள், இருக்கிறது. எதைச் செருகிக் கணினியைப் போடுகிறோமோ, அந்தப் பாடவேளைக்கு அது அந்த வகுப்பின் கணினி.

ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஒருவரின் வேலையை இன்னொருவர் திறக்காமல் பாஸ்வேர்ட் காக்கும். ஆனால் விண்டோஸே படுத்துவிட்டால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் படுக்கும். தரம் 7 பிள்ளை கண்டதையும் அமத்திப் பார்த்துத்தான் பழக வேண்டும். அதைத் தடுத்தால் பாடமே இல்லை. உயர்தரப் பிள்ளைக்கோ பைதன் என்ற நிரல்மொழி, தரவுத்தளம் என்று மென்பொருள்களை ஏற்றி இறக்கும் அனுமதி வேண்டும். இந்த இரண்டையும் ஒரே டிஸ்க்கில் வைத்துச் சமாளிக்க முடியாது. இப்போது சின்னவர்களின் டிஸ்க் குழம்பினால், அதை மட்டும் அழித்து மூலப் பிரதியிலிருந்து திரும்ப ஏற்றிவிடலாம். மற்ற இரண்டும் அலுமாரியில் பத்திரமாக இருக்கும்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. எமது கணினிகள் விண்டோஸ் 11-க்குரிய தகுதி இல்லாதவை. ஓடுகிற கணினியைத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை. ஆகவே உயர்தர டிஸ்க்கில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு லினக்ஸ் என்ற இலவசப் பணிசெயல் முறைமையை ஏற்றியிருக்கிறோம். மற்ற இரண்டிலும் இப்போதைக்கு விண்டோஸ்தான். அவற்றுக்கு இணையத் தொடர்பு கொடுக்கமாட்டோம்.

யூஎஸ்பி வயரில் தொங்கும் டிஸ்க் மலிவுதான். ஆனால் அப்படி வெளியிலிருந்து இயங்க விண்டோஸ் முறையாக இடம் கொடுப்பதில்லை. பாதி வேலையில் ஒரு முழங்கை பட்டாலே கதை முடிந்தது. கூட்டுக்குள் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் புழுதிக்கும் வெக்கைக்கும், உள்ளே சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகையே பொருத்தம் என்று அதையே எடுத்தோம்.

பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருப்பது ஒன்று: கணினியை முழுதாக நிறுத்தி, விளக்கு அணைந்த பிறகுதான் டிஸ்க்கை இழுக்க வேண்டும். கரண்ட் போனால் யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். அதற்குள் சேமித்து நிறுத்திவிட வேண்டும், ‘இன்னும் ஒரு வரி’ என்று இருக்கக் கூடாது. வீட்டிலும் இதைச் சொல்லி வையுங்கள்.

தமிழ்த் தட்டச்சு பற்றியும் ஒரு சொல். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத டிஸ்க்கில் திறந்தால், தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். அதைக் கண்டு வேலை அழிந்துவிட்டது என்று பிள்ளைகள் பதறுவார்கள். மூன்று வகை டிஸ்க்கிலும் பாமினி இருக்கிறது. ஆனாலும் இனிப் புதிதாக அடிப்பதெல்லாம், எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொது எழுத்து முறையான யூனிகோட்டில்தான்.

உங்களிடம் கேட்பது அதிகமில்லை. இதற்காக யாரும் பணம் தர வேண்டாம், டிஸ்க் வாங்கியும் அனுப்ப வேண்டாம். டிஸ்க்குகள் பாடசாலையின் சொத்து, வீட்டுக்கு வராது. பென் டிரைவும் கொடுத்துவிடாதீர்கள். கடைக்கடையாகப் பிரின்ட் எடுக்கப் போய்வரும் பென் டிரைவில்தான் வைரஸ் வருகிறது. வீட்டில் செய்த வேலையைக் கொண்டுவர வேண்டுமானால் பாட ஆசிரியரிடம் கொடுங்கள், அவர் சோதித்து ஏற்றுவார். டிஸ்க்கும் ஒருநாள் பழுதாகும் பொருள்தான் என்பதால், வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளின் வேலைகளை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து அலுவலகத்தில் வைப்போம்.

ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியே பராமரிக்க வேண்டியிருப்பதால் ஆசிரியருக்கு வேலை கூடும், அதை மறைக்கவில்லை. கணினி தெரிந்த பழைய மாணவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், சனிக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் வந்து கைகொடுக்கச் சொல்லுங்கள். தேநீர் பாடசாலையின் கணக்கு.

இவ்வண்ணம்,
அதிபர்