பழைய கால்பந்து அட்டைகள்: ஏலக் கூடத்துக்கு வெளியே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட பழைய அட்டைகளைப் பற்றி நாளிதழ்களில் எப்போதாவது செய்தி வந்தால், அது பெரும்பாலும் ஏலச் செய்தியாகவே இருக்கிறது. டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட மிக்கி மேன்டில் பேஸ்பால் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோனது. உலகெங்கும் அது தலைப்புச் செய்தியானது. அந்தத் தொகையைப் பார்த்த சாதாரண வாசகர், இது கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்கு, நமக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார். பல ஆண்டுகளாக அமெரிக்கக் கால்பந்து அட்டைகளைச் சேர்த்து வருபவன் என்ற முறையில், அந்த எண்ணம் தவறு என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன். எல்லையை முதலிலேயே வகுத்துக்கொண்டு, பழுதான அட்டைகளை ஏற்கும் மனமும் இருந்தால், வீட்டுச் செலவில் கைவைக்காமலே அறுபது ஆண்டுக்கு முந்தைய அட்டைகளால் ஒரு முழுமையான சேகரிப்பை உருவாக்க முடியும்.

நான் குறிப்பிடுவது தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தை. சூயிங்கம் விற்கும் நிறுவனங்கள் சிறுவர்களை ஈர்ப்பதற்காக உறைக்குள் வைத்துக் கொடுத்த அட்டைகள் இவை. 1935-இல் நேஷனல் சிக்கிள் நிறுவனம் 36 அட்டைகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. 1948-இல் போமன், லீஃப் என்ற இரு நிறுவனங்கள் களமிறங்கின. டாப்ஸ் 1955-இல் கல்லூரி ஆட்டக்காரர்களை வைத்து 100 அட்டைகளையும், அடுத்த ஆண்டு என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் வீரர்களை வைத்து 120 அட்டைகளையும் வெளியிட்டது. அக்காலத்து அமெரிக்கச் சிறுவனின் கைச்செலவுக் காசு முதலில் பேஸ்பால் அட்டைக்கே போயிற்று. பிற்காலத்துச் சேகரிப்பாளர்களின் பணமும் அவ்வழியே போயிற்று. ஆகவே அதே ஆண்டில், அதே ஆலையில், அதே தாளில் அச்சான கால்பந்து அட்டைகள் இன்றும் பேஸ்பால் அட்டைகளைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. எளியவர் நுழைவதற்கான வாசல் இங்கேதான் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எதை வாங்குவது என்பதல்ல, எதோடு நிறுத்திக்கொள்வது என்பதே. கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குபவருக்குப் பெட்டி நிறையும், சேகரிப்பு உருவாகாது. இதற்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது ஃபிலடெல்ஃபியா கம் நிறுவனத்தின் 1964-ஆம் ஆண்டுத் தொகுப்பை. அந்த ஆண்டு என்.எஃப்.எல். உரிமம் அந்நிறுவனத்தின் கைக்குச் சென்றுவிட்டதால், டாப்ஸ் போட்டி லீகான ஏ.எஃப்.எல். பக்கம் ஒதுங்க நேர்ந்தது. ஃபிலடெல்ஃபியா தொகுப்பில் மொத்தம் 198 அட்டைகள். அன்றிருந்த 14 அணிகளுக்கு ஆளுக்கு 14 அட்டை வீதம் அகர வரிசையில் அடுக்கி, கடைசி இரண்டைச் சரிபார்ப்புப் பட்டியலுக்கு, அதாவது கிடைத்த அட்டைகளின் எண்களைக் குறித்துக்கொள்ளும் பட்டியலுக்கு, ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு அணிக்கும் 12 வீரர்கள், பதின்மூன்றாவதாக அணியின் குழுப்படம். பதினான்காவது அட்டையில் அந்த அணியின் ஆட்டத் திட்டம் ஒன்று வரைபடமாகவும், பயிற்சியாளரின் முகம் சிறிய படமாகவும் அச்சாகியிருக்கும். கிரீன் பே அணியின் அந்தக் கடைசி அட்டை, 84-ஆம் எண், வின்ஸ் லொம்பார்டியுடையது. என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் போலின் வெற்றிக் கோப்பைக்கே இன்று அவர் பெயர்தான்.

ஓர் அணியை மட்டும் எடுத்துக்கொண்டால் பதினான்கே அட்டைகளில் வேலை முடிந்துவிடும். மாதத்துக்கு ஒன்றாக வாங்கினாலும் ஓராண்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கிளீவ்லாந்து அணியைத் தேர்ந்தால் 30-ஆம் எண்ணில் ஜிம் பிரவுன் வந்து நிற்பார், அவருடைய விலை மற்றவர்களுடையதைப் போல இருக்காது. பெரிய நட்சத்திரம் இல்லாத அணியைத் தேர்பவருக்கு அந்தக் கவலை இல்லை. ஒருவருக்குப் பதினான்கு போதாதென்றால் இரண்டாவது அணிக்குப் போகலாம். 1973 முதல் டாப்ஸ் தொகுப்புகள் 528 அட்டைகளாகப் பெருத்துவிட்டன; அவற்றை முழுவதுமாகச் சேர்க்கும் எண்ணத்தோடு தொடங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. 1972-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 264 முதல் 351 வரை எண்ணிட்டு மூன்றாம் தவணையாக வந்த அட்டைகள் குறைவாகவே அச்சாயின என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. அது தெரியாமல் இறங்கியவர்கள் முக்கால் பங்கு வழி வந்தபிறகு நின்றுவிடுகிறார்கள்.

அணியை விட்டுவிட்டு, ஒரு கருத்தை மையமாக வைத்தும் சேர்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது, பந்தை உதைப்பதற்கென்றே களமிறங்கும் வீரர்களின் அட்டைகள். 1964 வரை அந்த லீகுகளில் எல்லோரும் கால்விரல் நுனியால் நேராகவே உதைத்தார்கள். ஹங்கேரியில் பிறந்த பீட் கோகோலாக் அந்த ஆண்டு பஃபலோ அணிக்கு வந்து, நாம் அறிந்த கால்பந்து ஆட்டக்காரரைப் போல் பக்கவாட்டில் ஓடிவந்து பாதத்தின் மேற்புறத்தால் உதைத்துக் காட்டினார். அவருக்குப் பின் சைப்ரஸில் பிறந்த காரோ எப்ரேமியன், நார்வேயிலிருந்து பனிச்சறுக்கு உதவித்தொகையில் படிக்க வந்த யான் ஸ்டெனரூட் என்று ஒரு வரிசையே வந்தது. 1971-இல் டாலஸ் அணியில் சேர்ந்த டோனி ஃபிரிட்ஷ், 1965-இல் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை ஆஸ்திரியா 3–2 என்று வீழ்த்திய ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர். உலகக் கால்பந்தின் வரலாறும் அமெரிக்கக் கால்பந்தின் வரலாறும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடம் இது. இந்த மனிதர்களை அந்தக் காலத்துச் சிறிய அட்டைகளில் பார்க்கும்போது ஏற்படும் மகிழ்ச்சி எனக்கு இன்றுவரை குறையவில்லை. உதைப்பவர்களைப் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் தேடுவதே இல்லை. ஸ்டெனரூட் 1991-இல் அமெரிக்கக் கால்பந்தின் புகழரங்கில் சேர்க்கப்பட்டவர். பந்தை உதைப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டவர்களில் அந்தப் பெருமையை முதலில் பெற்றவரும் அவரே. அப்படியிருந்தும் 1970-இல் டாப்ஸ் வெளியிட்ட அவருடைய ரூக்கி கார்டுக்கு, அதாவது அவருடைய முதல் அட்டைக்கு, அதே தலைமுறையின் பந்தெறியும் நட்சத்திரங்களுக்கு இருக்கும் போட்டி இல்லை.

இனி அட்டையின் நிலை. விலையை ஏற்றுவதும் இறக்குவதும் இதுதான். எளியவருக்குத் துணை நிற்பதும் இதுதான். மூலை மழுங்காத, படம் நடுவில் அமைந்த, கறையில்லாத அட்டைக்கு ஒரு விலை; மூலை உருண்டு, நடுவில் ஒரு மடிப்பு விழுந்த அதே அட்டைக்கு அதில் ஒரு சிறு பங்குதான். 1970களின் டாப்ஸ் அட்டைகளில் அதிகம் அறியப்படாத வீரர்களுடையவை, கைபட்டுத் தேய்ந்த நிலையில், ஒன்றிரண்டு டாலருக்கே கிடைக்கும். 1962-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 176 அட்டைகளுக்கும் கறுப்பு விளிம்பு. லேசாக உராய்ந்தாலும் வெள்ளைத் தாள் வெளியே தெரிந்துவிடும் என்பதால், குறையற்ற அட்டையைத் தேடுபவர்களுக்கு அது பெரும் சோதனை. குறையை ஏற்பவர்களுக்கோ, அழகான அந்தத் தொகுப்பு கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது.

தேய்ந்த அட்டையை வாங்கும்போது நாம் மட்டமானதற்கு இறங்கிவிட்டோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தத் தேய்மானத்திலும் படிப்பதற்கு நிறைய இருக்கிறது. உறைக்குள் சூயிங்கத்தை ஒட்டிக் கிடந்த அட்டையில் நீள்சதுரமாக ஒரு பழுப்புக் கறை தெரியும். உறையின் மெழுகுத்தாளைச் சூடுகாட்டி மூடிய இடத்தை ஒட்டியிருந்த அட்டையைச் சாய்த்துப் பார்த்தால் அதன் மேல் மெழுகு பளபளக்கும். 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் வந்த சில தொகுப்புகளின் பின்புறத்தில், நாணயத்தால் தேய்த்தால் விடை தெரியும் புதிர் ஒன்று இருந்தது. தேய்க்காத அட்டைக்குத்தான் மதிப்பு அதிகம் என்றாலும், ஒரு சிறுவன் ஆவலோடு நாணயத்தைத் தேய்த்த சாம்பல் நிறக் கோடுகள் தெரியும் அட்டையையே நான் விரும்பி வாங்குவேன். சரிபார்ப்புப் பட்டியல் அட்டைகளிலும் அதே கதைதான். பென்சிலால் கட்டங்களை நிரப்பிவிட்டால் அதன் விலை விழுந்துவிடுகிறது. ஆனால் எந்த எண்கள் கிடைத்தன, எவை கடைசிவரை கிடைக்காமல் போயின என்று முகம் தெரியாத ஒரு சேகரிப்பாளர் விட்டுச் சென்ற கணக்கு அது.

1970களின் டாப்ஸ் அட்டைகளில் இன்னொன்றையும் கவனிக்கலாம். வீரர்கள் சங்கத்தின் அனுமதி அந்நிறுவனத்திடம் இருந்தது. அணிச் சின்னங்களைப் பயன்படுத்தும் உரிமம் இல்லை. ஆகவே தலைக்கவசங்களில் இருந்த சின்னங்களை ஓவியர்கள் வண்ணம் பூசி மறைத்தார்கள். மயாமி வீரரின் கவசத்தில் டால்ஃபின் இருக்காது, டாலஸ் வீரரின் கவசத்தில் நட்சத்திரம் இருக்காது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், சில அட்டைகளில் அந்த இடம் மட்டும் நிறம் சற்று மாறித் திட்டாகத் தெரியும். 1982-ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் சின்னங்கள் திரும்பி வந்தன. ஓர் உரிமப் பிரச்சினை ஏறத்தாழ ஒரு தலைமுறைச் சிறுவர்களின் கையிலிருந்த படங்களையே மாற்றிவிட்டது என்பதை அறிய, மிக மலிவான அட்டை ஒன்றே போதும்.

ஏமாறாமல் இருக்கச் சில சொற்கள். புகழ்பெற்ற அட்டைகளுக்கு மறுபதிப்புகள் ஏராளமாக உலவுகின்றன. பந்தெறியும் நட்சத்திரமான ஜோ நேமத்தின் 1965-ஆம் ஆண்டு அட்டை அவற்றில் ஒன்று. பழைய அட்டையின் தாள் பெரும்பாலும் மங்கிய சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில், பளபளப்பின்றி இருக்கும். கறுப்பு எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அழுத்தமான, முழுமையான கோடுகளாகத் தெரிய வேண்டும். அவை புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால், வேறோர் அட்டையைப் படமெடுத்து அச்சிட்டது என்று ஐயப்படலாம். மழுங்கிய விளிம்பை வெட்டிச் சீராக்கி விற்பவர்களும் உண்டு. 1957 முதல் டாப்ஸ் கால்பந்து அட்டைகள் இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்டவை, 1965-ஆம் ஆண்டின் நெட்டை அட்டைகள் மட்டும் விதிவிலக்கு. ஆகவே ஓர் அளவுகோல் கையில் இருந்தால் போதும். பாதுகாப்புக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பி.வி.சி. கலக்காத உறை, வெயிலும் ஈரமும் படாத அலமாரி, ரப்பர் வளையமும் ஒட்டுநாடாவும் அண்டாத பெட்டி என்றால் சரி.

அட்டையின் நிலையை மதிப்பிடும் நிறுவனத்துக்கு அதை அனுப்பி 1 முதல் 10 வரை மதிப்பெண் வாங்கி, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துக்கொள்ளும் வழக்கம், பி.எஸ்.ஏ. நிறுவனம் 1991-இல் தொடங்கப்பட்டபின் பரவலானது. விலையுயர்ந்த அட்டைக்கு அது நியாயமான காப்பீடு. நான் பேசும் அட்டைகளுக்கு அந்தக் கட்டணமே அட்டையின் விலையைத் தாண்டிவிடும். அத்துடன் உறைக்குள் போன அட்டையைக் கையால் தொடவும் முடியாது. இலாபம் வரும் என்று சொல்லி இந்தப் பொழுதுபோக்குக்கு ஆள் சேர்ப்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. திரும்பி வராவிட்டாலும் வருத்தம் தராத பணத்தைத்தான் இதில் போட வேண்டும், அந்தப் பணம் சிறிதாக இருப்பதே நல்லது.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய ஏலச் செய்தியை வெளியிடும்போது, விற்ற அட்டை எந்த ஆண்டுத் தொகுப்பைச் சேர்ந்தது, அதற்கு எவ்வளவு மதிப்பெண் கிடைத்தது என்பவற்றோடு, அதே தொகுப்பின் சாதாரண அட்டை ஒன்று தேய்ந்த நிலையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுங்கள். இரு தொகைகளையும் அருகருகே பார்க்கும் வாசகர், இது தமக்கு எட்டுமா என்பதைத் தாமே முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்