முழுமைத் திட்டத்துக்கு முன் கணினி மாதிரி ஆய்வு கோரும் மனு

பெறுநர்: இயக்குநர் அவர்கள், நகர் ஊரமைப்புத் துறை

பொருள்: நகர விரிவாக்கக் கொள்கையால் காட்டுயிர்களுக்கும் நீர்வளத்துக்கும் வரும் பாதிப்பை முன்கூட்டியே கணிக்க வேண்டுதல் – தொடர்பாக

ஐயா,

வணக்கம். நகர எல்லை எதுவரை போகலாம், புறவழிச்சாலை எங்கே வரும், எந்த நிலம் மனையாகும் என்பதெல்லாம் புதிய முழுமைத் திட்டத்தில் முடிவாகப் போகிறது. அந்த முடிவுகளைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயற்கைக்கோள் படங்களிலிருந்து நில வரைபடம் தயாரிப்பது என் வேலை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஒரு குட்டை என்றால் நாலைந்து கட்டம்தான். தவளைகள் முட்டையிடுவது அங்கே; மற்ற மாதங்களில் அவை இருப்பது பக்கத்துப் புதர்க்காட்டில். குட்டையையும் புதரையும் தொடாமல் நடுவில் ஒரு சாலை போட்டால், திட்ட வரைபடத்தில் இரண்டும் பத்திரமாகவே தெரியும். ஆனால் மழை இரவில் சாலையைக் கடக்கும் தவளைகள் நசுங்கிச் சாகும். பரப்பளவை மட்டும் கூட்டிப் பார்க்கும் கணக்கில் இந்த இழப்பு வரவே வராது. வாழிடங்களுக்கு இடையிலான இணைப்பை அளக்கும் மாதிரியில்தான் தெரியும்.

இது செய்து பார்த்த காரியம்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வில்லமெட் ஆற்றுப் படுகைக்கு 2050 வரையிலான மூன்று எதிர்காலங்களை வரைந்தார்கள். இப்போதைய கொள்கை தொடர்ந்தால், கட்டுப்பாடுகள் தளர்ந்தால், பாதுகாப்பு கூடினால் என்று மூன்று. மூன்றுக்கும் மக்கள்தொகை ஒன்றே. அதனால் வரைபடங்களில் தெரிந்த வித்தியாசம் முழுக்கக் கொள்கையால் வந்தது. 'ஜனம் பெருகுகிறது, என்ன செய்வது' என்ற பேச்சுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

நம் திட்டத்துக்கும் அப்படி மூன்று வரைபடங்களாவது வேண்டும். நகரம் எப்படி வளரும் என்று கணிக்கும் ஸ்லூத் (SLEUTH) போன்ற கணினி மாதிரிகளுக்கு நிலத்தின் சாய்வு, சாலைகள், பழைய ஆண்டுகளின் நகரப் பரப்பு, கட்டக்கூடாத நிலம் ஆகியவற்றை அடுக்கடுக்காகக் கொடுக்க வேண்டும். கட்டக்கூடாத நிலத்தின் அடுக்கை மாற்றி மாற்றி ஓட்டினால் ஒவ்வொரு கொள்கையும் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துவிடும். அப்புறம், தண்ணீர்க் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. ஓடையின் நீர்ப்பிடிப்பில் சுமார் 10 சதவீதம் கூரையும் தாரும் கான்கிரீட்டுமாக மாறினாலே ஓடை கெடத் தொடங்குவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

மாதிரி சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். பழைய வரைபடத்திலிருந்து ஓட்டி, இன்றைய நகரத்தை அது எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று முதலில் சோதியுங்கள். அந்தச் சோதனை முடிவையும் மூன்று வரைபடங்களையும் ஆட்சேபணைக் காலம் தொடங்கும் முன்பே மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

பழைய படங்களைத் தொகுத்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டால், ஊதியமின்றிச் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நில வரைபடப் பணியாளர்