காலாண்டு விடுமுறையில் ஆப்பிரிக்கா போகலாம், ஏப்ரலில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் ‘குடும்பத்தோடு ஆப்பிரிக்கா’ என்ற விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. ஆற்றங்கரையில் யானைக் கூட்டம் ஒரு படம், நீல ஏரியில் குழந்தைகள் குதிப்பது ஒரு படம், அடியில் ஒரு தொகை. எந்த மாதத்தில் போனால் யானை ஆற்றங்கரைக்கு வரும், அந்த ஏரியில் இறங்கியவர்கள் ஊர் திரும்பியபின் என்ன செய்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்காது. காடும் ஏரியும் ஒரே பயணத்தில் அமைவதற்குச் சாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவும், அதற்குக் கிழக்கே உள்ள மலாவி ஏரியும் மிகப் பொருத்தமானவை. குழந்தைகளோடு அங்கே போக நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது மாதம். லுவாங்வா பள்ளத்தாக்கில் நவம்பரில் பிடிக்கும் மழை ஏப்ரல் வரை நீளும். மழை ஓயும் ஏப்ரலில் ஆறு நிறைந்து ஓடும், புல் ஆளுயரம் நிற்கும். காட்டுக்குள் கண்ட இடத்தில் தண்ணீர் கிடப்பதால் விலங்குகளுக்கு ஆற்றைத் தேடி வர வேண்டிய தேவை இருக்காது. களிமண் பாதையில் வண்டி புதையும் என்பதால் உட்காட்டு முகாம்கள் பல மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கின்றன. நம் பள்ளிகளின் கோடை விடுமுறை இந்த நேரத்தில்தான் வருகிறது. அரையாண்டு விடுமுறையோ மழையின் நடுவில் விழும். காலாண்டுத் தேர்வு முடிந்து செப்டம்பர் கடைசியில் கிடைக்கும் ஒன்பது பத்து நாள்தான் அந்தப் பள்ளத்தாக்கின் உச்சப் பருவம். ஆறு வற்றி, மிஞ்சிய மடுக்களில் நீர்யானைகள் தோளோடு தோள் நெருக்கிக் கிடக்கும். இலை உதிர்ந்த புதர்களுக்குள் சிறுத்தையைப் பார்ப்பது எளிது. ஆற்றின் செங்குத்துக் கரைகளில் வளை தோண்டிக் கூட்டம் கூட்டமாகக் குடியேறியிருக்கும் செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகளைப் பார்ப்பதற்காகவே அந்த மாதத்தில் போகலாம் என்பேன். வெயில் கடுமைதான், அக்டோபரில் 40 டிகிரியைத் தொடும். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அது புதிதல்ல.

மே மாதத்தை விட்டால் வேறு வழியே இல்லை என்பவர்கள் லுவாங்வாவை விட்டுவிட்டு மலாவி நாட்டுக்குள்ளேயே பயணத்தை முடித்துக்கொள்வது நல்லது. ஷயர் ஆற்றங்கரையில் உள்ள லிவோண்டே தேசியப் பூங்காவில் படகிலிருந்தே யானை, நீர்யானை, முதலை பார்க்கலாம். பாதை ஈரமாக இருந்தாலும் படகு ஓடும். ‘ஆப்பிரிக்கன் பார்க்ஸ்’ அமைப்பு 2015-இல் நிர்வாகத்தை ஏற்ற பிறகு, 2017-இல் சிவிங்கிப்புலிகளையும் 2018-இல் சிங்கங்களையும் மீண்டும் அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து ஏரிக்கரைக்குச் சில மணி நேரச் சாலைப் பயணம், நடுவில் எல்லைச் சாவடி கிடையாது. சிறு குழந்தை உள்ள குடும்பத்துக்கு எந்த மாதத்திலும் இது சுலபமான வழி.

லுவாங்வாவுக்குப் போகிறவர்கள் காட்டை முதலிலும் ஏரியைக் கடைசியிலும் வையுங்கள். மாற்றி வைத்தால் திட்டம் கெடும். சஃபாரி நாள் காலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. ஆறு முதல் பத்து வரை ஒரு சவாரி, மாலை நான்கு முதல் எட்டு வரை இன்னொன்று. ஏரியில் மூன்று நாள் ஆடிவிட்டு வந்த பிள்ளை நான்கு மணி நேரம் வண்டியில் அசையாமல் உட்காராது. சாம்பியாவின் தலைநகர் லுசாகாவிலிருந்து பூங்காவின் வாசலான எம்ஃபுவேக்குச் சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பிறகு சாலை வழியே சிப்பாட்டா, ம்வாமி - எம்சின்ஜி எல்லை, மலாவியின் தலைநகர் லிலோங்வே. எல்லையில் ஆகும் நேரத்தையும் சேர்த்து இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். லிலோங்வேயில் இரவு தங்கி, மறுநாள் ஏரி. சலிமா அருகே உள்ள செங்கா விரிகுடா இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். கேப் மக்லியர் நான்கைந்து மணி நேரம், ஆனால் அழகில் அதற்கு ஈடில்லை. இருட்டியபின் இந்தச் சாலைகளில் போகவே கூடாது. விளக்கில்லாத சைக்கிள்களும் ஆடுகளும் பழுதாகி நிற்கும் லாரிகளும் கண்ணுக்குத் தெரியாது. மலாவியில் அடிக்கடி எரிபொருள் தட்டுப்பாடு வருவதால், டாங்க் நிரம்பியிருக்கிறதா என்று வாகன ஓட்டியிடம் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். காட்டில் நான்கு இரவு, ஏரியில் மூன்று இரவு கிடைக்க வேண்டுமானால் காலாண்டு விடுமுறையோடு இரண்டு நாளாவது சேர்த்துக்கொள்ள வேண்டும். காட்டில் இரண்டே இரவு என்று சுருக்கும் திட்டங்களை ஏற்காதீர்கள். அவ்வளவு தூரம் போய் இரண்டு மூன்று சவாரியோடு திரும்புவது வீண்.

முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது குழந்தைகளின் வயதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பல முகாம்கள் 8 அல்லது 12 வயதுக்குக் கீழே ஏற்பதில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் சிறப்பான நடைபயண சஃபாரிக்குப் பொதுவாக 12 வயதாவது ஆகியிருக்க வேண்டும். சிறு பிள்ளைகள் இருந்தால் வண்டி முழுவதையும் உங்களுக்கே எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். செலவு கூடும், ஆனால் பிள்ளை அழுதால் திரும்பிவிடலாம். வண்டிக்குள் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. சிங்கத்தின் கண்ணுக்கு வண்டியும் ஆட்களும் சேர்ந்து ஒரே உருவம். ஒருவர் எழுந்து நின்றால் அந்த உருவம் கலைந்து மனிதன் தனியாகத் தெரிவான். கருநீலம், கறுப்பு உடைகள் வேண்டாம், அந்த நிறங்களைத் தேடித்தான் செட்சி ஈ வரும். அது சட்டைக்கு மேலேயே கடிக்கும். அறையில் பழம் வைக்காதீர்கள். பபூன் குரங்கு மட்டுமல்ல, யானையும் வாசனை பிடித்து வரும். இருட்டியபின் நீர்யானைகள் கரையேறி முகாமுக்குள்ளேயே மேயும் என்பதால், பக்கத்து அறைக்குப் போவதானாலும் காவலர் துணையோடுதான் போக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இனி ஏரி. சுமார் 580 கிலோமீட்டர் நீளம், 700 மீட்டர் ஆழம். உலகில் வேறெங்கும் இல்லாத நூற்றுக்கணக்கான சிக்லிட் மீன் வகைகளுக்காக, கேப் மக்லியரை ஒட்டிய பகுதி 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாறையோரம் முகமூடி அணிந்து தலையை நீருக்குள் விட்டால், ‘எம்புனா’ என்று அங்கே அழைக்கப்படும் நீலமும் மஞ்சளுமான மீன்கள் கைக்கெட்டும் தூரத்தில் நீந்தும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் வரக் கூடாது. அதே தண்ணீரில் பில்ஹார்சியா என்னும் புழு நோய் இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. நன்னீர் நத்தைகளிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத இளரிகள், அதாவது இளம் பருவப் புழுக்கள், காயம் எதுவும் இல்லாத தோலையும் சில நிமிடங்களில் துளைத்து உள்ளே போய்விடும். நத்தைகளைத் தின்னும் மீன்களை அளவு மீறிப் பிடித்ததும் இந்நோய் பெருகியதற்கு ஒரு காரணம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ‘எங்கள் கரையில் கிடையாது’ என்று விடுதியில் சொன்னால் நம்ப வேண்டாம். நாணலும் பாசியும் உள்ள ஆழமில்லாத இடங்களிலும், ஊர் மக்கள் துவைத்துக் குளிக்கும் துறைகளிலும் இறங்காதீர்கள். படகில் போய்த் தீவுப் பாறைகளை ஒட்டி நீந்துவது மேல். உச்சி வெயிலில் இளரிகள் அதிகம் வெளிவருவதால் காலை நேரமே நல்லது. கரையேறியதும் துண்டால் அழுத்தித் துடைப்பது ஓரளவு உதவலாம், அதை மட்டும் நம்பிவிட முடியாது. குளியலறைக்கு ஏரித் தண்ணீர்தான் வருகிறதா, அதைத் தொட்டியில் ஒன்றிரண்டு நாள் தேக்கிவைத்து விடுகிறார்களா என்றும் கேளுங்கள். முதலை, நீர்யானை வருகிற இடம் எது என்பதை உள்ளூர் மீனவர்களிடம் விசாரிக்காமல் இறங்கக் கூடாது.

கடைசியாக ஏரியில் இறங்கிய தேதியைக் குறித்துவைத்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மருத்துவரைப் பாருங்கள். பரிசோதனையும் பிராசிகுவாண்டெல் மாத்திரையும் அப்போதுதான் பயன் தரும். அந்த மருந்து வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். ஊருக்கு வந்த மறுநாளே விழுங்கினால் வளராத புழுக்கள் தப்பிவிடும், குடும்பமோ ‘மருந்து சாப்பிட்டாயிற்று’ என்று இருந்துவிடும். பலரும் செய்கிற தவறு இதுதான். நம் ஊரில் இல்லாத நோய் என்பதால், நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவருக்கும் தோன்றாது.

மலேரியாவைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு நாடுகளிலும் இருப்பது பெரும்பாலும் பால்சிபாரம் வகை. சென்னையில் நாம் அதிகம் பார்க்கும் வைவாக்ஸை விட ஆபத்தானது, ஓரிரு நாளில் மூளையைப் பாதிக்கக்கூடியது. குளோரோகுயின் அங்கே பயன்படாது. அட்டோவாகுவோன்-புரோகுவானில் மாத்திரையைப் பயணத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கி, தினமும் பாலோடோ சாப்பாட்டோடோ எடுத்து, திரும்பியபின் 7 நாள் தொடர வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பியபின் 4 வாரம். 8 வயதுக்குக் கீழே அதைப் பொதுவாகத் தருவதில்லை. குழந்தைக்கான அளவு எடையைப் பொறுத்தது என்பதால் ஒரு மாதம் முன்பே குழந்தை மருத்துவரிடம் போங்கள். விமானம் இறங்கிய அன்றே மாத்திரையை நிறுத்துவதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை. திரும்பிய சில மாதங்களுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக ‘ஆப்பிரிக்கா போய் வந்தோம்’ என்று சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் மறுநாள் மீண்டும் பார்க்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி ‘தேவையில்லை’ என்று சில முகவர்கள் சொல்வது பாதி உண்மை. விஷயம் நீங்கள் மாறும் விமான நிலையத்தில் இருக்கிறது. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போனால், எத்தியோப்பியாவும் கென்யாவும் அந்நோய் உள்ள நாடுகள். நிலையத்துக்குள்ளேயே இருந்து வந்தவர்களுக்கு விலக்கு உண்டு, அதுவும் சுகாதார அதிகாரி ஒப்புக்கொண்டால். இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு வெளியே விடுதியில் ஓர் இரவு தங்க நேர்ந்தால் அந்த விலக்கு போயிற்று. சான்றிதழ் இல்லாமல் ஆறு நாளுக்குள் இந்தியா வந்து இறங்குபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடுகிறார்கள். போட்ட 10-ஆம் நாளிலிருந்து சான்றிதழ் செல்லும், ஆயுளுக்கும் போதும். ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் போடுவதில்லை. அறுபதைத் தாண்டிய தாத்தா பாட்டியும் உடன் வருவதானால் மருத்துவரைக் கலந்துகொண்டே முடிவெடுங்கள். துபாய் வழி போனால் இந்தச் சிக்கலே எழாது.

சில்லறை விஷயங்கள் சில. இரண்டு நாட்டுப் பணத்துக்கும் பெயர் க்வாச்சாதான், ஆனால் மதிப்பு வேறு, ஒன்று மற்றதில் செல்லாது. எல்லையில் தெருவில் மாற்றுபவர்களிடம் இந்தப் பெயர்க் குழப்பத்தில் ஏமாறுவது எளிது. பழைய, கிழிந்த டாலர் நோட்டை வாங்க மறுப்பார்கள். மின்செருகிக்குச் சதுரக் கால் மூன்று கொண்ட பிரிட்டிஷ் வகை மாற்றி வேண்டும். சிறு விமானங்கள் பலவற்றில் பெட்டி 15 கிலோவுக்குள், சக்கரமில்லாத துணிப்பையாக இருக்க வேண்டும். சைவர்கள் அதை முகாமுக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். நம் களியைப் போலவே மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் ந்சிமாவும், பூசணிக் கீரையும் பீன்ஸும் நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் காட்டு முகாமுக்குச் சரக்கு வருவதே எப்போதோ ஒருமுறை என்பதால், அன்றைக்குப் போய்ச் சொன்னால் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான் கிடைக்கும்.

விளம்பரம் தரும் பயண நிறுவனங்கள் மாதத்தையும், காட்டில் எத்தனை இரவு என்பதையும், எந்த விமான நிலையம் வழி என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன். அதுவரை, முன்பணம் கட்டுவதற்கு முன் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
திருச்சிராப்பள்ளி