இரவிலும் இடியப்பம் கொடுங்கள், ஆனால் இரவில் அவித்துக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் இடியப்பம், பிட்டு, அப்பம், தோசை எந்நேரமும் கிடைக்கும் என்று பலகை வைக்கும் உணவகங்கள் உண்டு. தேவையான மாற்றம்தான். கொழும்பு பஸ்ஸில் வந்து நடுச்சாமத்தில் இறங்குபவருக்கும், வாவியில் தொழில் முடித்துக் கரையேறுபவருக்கும், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை நிற்பவருக்கும் எண்ணெய் வழியும் கொத்து ரொட்டியை விடச் சொதியோடு நாலு இடியப்பம் வயிற்றுக்கு இதம். நோன்பு காலத்தில் விடியுமுன் உண்ணும் சஹருக்கும் அதுவே தோது. ஆனால் சில கடைகளில் விற்கும் நேரம்தான் நீண்டிருக்கிறது, சமைக்கும் நேரம் நீளவில்லை. விடியற்புறம் அவித்ததே இரவு ஒன்பது மணிக்கும் தட்டுக்கு வருகிறது.

எந்நேரமும் காலை உணவு என்பது சமையலறைக்கு எவ்வளவு பாரம் என்பதை மெக்டொனால்ட்ஸ் நிறுவனமே கண்டது. அமெரிக்காவில் பெரும்பாலும் காலை 10.30 மணியோடு நிறுத்தி வந்த காலை உணவை 2015 ஒக்டோபர் 6 முதல் நாள் முழுவதும் விற்கத் தொடங்கினார்கள். முட்டைக்குக் குறைந்த சூடு வேண்டும், இறைச்சிக்குக் கூடிய சூடு வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய இடமும் அடுப்பும் ஆளும் பங்கு போயின. 2020 மார்ச்சில், பெருந்தொற்றைச் சமாளிக்க உணவுப் பட்டியலைச் சுருக்கியபோது அதையும் நிறுத்திவிட்டார்கள்.

நமது கடைகளில் இதே இழுபறி தோசைக்கல்லில் நடக்கிறது. பின்னேரம் ஆனால் பெரிய கல் கொத்துக்குப் போய்விடும். அந்தச் சூட்டில், அந்த எண்ணெயில் தோசை மாவை ஊற்றினால் பரவாது. கரண்டியோடு சேர்ந்து சுருண்டு வரும், நடுவில் மாவாகவும் ஓரத்தில் கருகியும் போகும். தண்ணீர் தெளித்துத் துடைத்தாலும் இரண்டு தோசைக்குள் கல் மறுபடி கொதித்துவிடும். அதோடு வெள்ளிக்கிழமையும் விரத நாட்களிலும் சைவம் சாப்பிடுபவர், மாட்டிறைச்சிக் கொத்துப் போட்ட கல்லில் வார்த்த தோசையைத் தெரிந்தே தொடமாட்டார். தெரியாமல் கொடுப்பது பெரிய பிழை. தோசை விற்பதென்றால் அதற்கென்று தனிக் கல்லும் தனி அடுப்பும் வேண்டும், இல்லாவிட்டால் இரவில் தோசையை விட்டுவிடலாம்.

உண்மையில் எந்நேரமும் கொடுக்கத் தோதானவை இடியப்பமும் பிட்டும்தான். இரண்டுக்கும் புளிக்கும் மா தேவையில்லை. வறுத்து அரித்த அரிசி மா காற்றுப் புகாத வாளியில் வாரக்கணக்கில் இருக்கும். ஒரு கிலோ மாவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லீற்றர் வரை கொதிநீர், உப்பு, அவ்வளவுதான். நீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஆறிய நீரில் குழைத்தால் உரலில் பிழியவே வராது, வந்தாலும் இழை அறுந்து போகும். தட்டில் பிழிந்து எட்டுப் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் வெந்துவிடும். கேட்டவருக்கு அரை மணிக்குள் கொடுக்கக்கூடிய உணவை நாள் முழுக்க அடுக்கி வைப்பானேன்? பிட்டும் அப்படியே. குழலிலோ ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டியிலோ ஆவி மேலால் வந்த பிறகு பத்து நிமிடம் போதும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிட்டில் தேங்காய்ப்பூ இருப்பதால் இடியப்பத்தை விட முந்திக் கெடும்.

அவித்ததைச் சூட்டோடு பொலித்தீனால் மூடி வைத்தால் ஆவி நீராகி அடித்தட்டு பிசுபிசுக்கும், மேல்தட்டு காய்ந்து விறைக்கும். அதை மறுபடி ஆவியில் காட்டிப் புதிது போலக் கொடுப்பதுதான் ஆபத்து. அரிசி உணவில் வளரும் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்துகள் சமையல் சூட்டில் சாவதில்லை. இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், அல்லது 5 பாகைக்குக் கீழே குளிரவைக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் மொத்தம் நான்கு மணி நேரம் கிடந்தது எதுவானாலும் கொட்டத்தான் வேண்டும். மிஞ்சிய இடியப்பத்தைக் கொத்துப் போடுவதில் தவறில்லை. உலர்ந்த இடியப்பம்தான் கொத்துக்கு நல்லது. ஆனால் மிஞ்சும் என்று தெரிந்தவுடனே அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும்.

சொதிதான் இரவில் கடையின் குட்டை உடைக்கும். அடுப்பில் சிறு தணலில் நாள் முழுக்கக் கிடந்த சொதி திரிந்து, மேலே எண்ணெயும் கீழே நீருமாகப் பிரியும். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலையைக் கப்பிப்பாலில் (முதற்பாலுக்குப் பிறகு பிழியும் தண்ணிப்பாலில்) வேகவைத்துக் குளிரில் வைத்துக்கொள்ளுங்கள். தேவையான அளவை எடுத்து நன்றாகக் கொதிக்கவைத்து, அப்போது பிழிந்த முதற்பாலை விட்டு, நுரை கட்டும்போது இறக்கித் தேசிக்காய் விட்டால் எந்த நேரத்திலும் புதுச் சொதி. சம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள், பழைய சம்பலின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள்.

அப்பத்தின் கதை வேறு. நமது வெக்கையில் மா சீக்கிரம் பொங்கிவிடும். காலையில் பொங்கிய மா பின்னேரம் கடும் புளிப்பு. அதை மறைக்க அப்பச்சோடாவை அள்ளிப் போட்டால் அப்பம் மஞ்சளித்துச் சவர்க்கார வாசம் அடிக்கும். இரவு அப்பத்துக்கு மத்தியானம் தனியாக மாக் கரைக்க வேண்டும்; தேங்காய்ப்பாலைச் சுடுவதற்குச் சற்று முன்னர்தான் சேர்க்க வேண்டும். இதற்கு ஆள் இல்லாத கடை, அப்பத்துக்கு நேரம் குறித்துப் பலகையில் எழுதினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரவு எட்டு மணிக்குப் பிறகும் இந்தக் கடைகளுக்கு வாருங்கள், ஒரு வெப்பமானியோடு வாருங்கள். கடைக்காரர்கள் ஒவ்வொரு தட்டிலும் அவித்த நேரத்தைச் சோக்கால் எழுதி வைத்தால் பரிசோதகர்களுக்கும் வேலை சுலபம், சாப்பிடுகிறவரும் வாசித்துப் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உணவகச் சமையல் தெரிந்த வாசகர்,
மட்டக்களப்பு.