பட்டாளத்துக் குடும்பம் என்றால் ஏன் தயக்கம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வாடகை ஏறிக்கொண்டே போவதைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாணவர்கள், சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கு வருகிறவர்கள் என்று பலருடைய கஷ்டத்தையும் எழுதியிருந்தீர்கள். வாடகை கொடுக்கத் தயாராக இருந்தும் வீடு கிடைக்காமல் அலைகிற இன்னொரு கூட்டம் விட்டுப்போயிற்று. பட்டாளத்தில் இருப்பவர்களின் குடும்பங்களைச் சொல்கிறேன். என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார், இப்போது எல்லைப் பக்கம் ஃபீல்டு போஸ்டிங்கில் இருக்கிறார். நானும் பிள்ளைகள் இருவரும் செக்காலையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம்.

இங்கே ராணுவ முகாம் எதுவும் இல்லையே, உங்களுக்கு எதற்குக் காரைக்குடி என்று வீடு பார்க்கப் போன இடமெல்லாம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பீஸ் ஸ்டேஷனில், அதாவது குடும்பத்தோடு தங்கக்கூடிய ஊரில், இருக்கும்வரை குவார்ட்டர்ஸ் கிடைக்கும். தாமதமானால் அந்த ஊரிலேயே வெளியில் வாடகைக்கு இருப்போம். ஃபீல்டுக்கு மாற்றல் வந்துவிட்டால் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கென்று சில ஊர்களில் தனிக் குவார்ட்டர்ஸ் உண்டு, ஆனால் வரிசையில் நிற்க வேண்டும். அதனால் பலரும் சொந்த ஊர்ப் பக்கம் வந்துவிடுகிறோம். எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பிள்ளைகள் இதுவரை படித்ததெல்லாம் கேந்திரிய வித்யாலயாவில். அந்தப் பள்ளி இங்கே சிக்ரி வளாகத்தில் இருக்கிறது. ஒரு கேந்திரிய வித்யாலயாவில் டி.சி. வாங்கி இன்னொன்றில் சேர்ப்பது சுலபம். முன்பு இருந்த ராஜஸ்தானில் இந்தியில் எழுதப் படிக்கக் கற்ற பிள்ளையைப் பாதி வருடத்தில் கொண்டுவந்து வேறு பாடத்திட்டத்தில் உட்காரவைப்பது அத்தனை சுலபமில்லை. காரைக்குடிக்கு வந்த காரணம் அவ்வளவுதான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குடும்பம் தங்குவதற்கு ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துச் சொன்னால், அந்த ஊரின் வகையைப் பொறுத்து வீட்டு வாடகைப் படி கிடைக்கும். 2024 ஜனவரியிலிருந்து சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், மதுரை, திருச்சி போன்ற ஊர்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 10. காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது என்று நாம் பெருமைப்பட்டாலும் இந்தக் கணக்கில் அது கடைசி வகைதான். அடிப்படைச் சம்பளம் 35,000 ரூபாய் என்றால் படி 3,500 ரூபாய். அந்தப் பணத்துக்குச் செக்காலையிலோ சுப்பிரமணியபுரத்திலோ பிள்ளைகளோடு இருக்கும்படியான வீடு கிடைக்காது, மீதியைக் கையிலிருந்துதான் போடுகிறோம். மிலிட்டரிக்காரர்களுக்குத்தான் கேன்டீன் இருக்கிறதே என்று சொல்லி வாடகையைக் கூட்டிக் கேட்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். கேன்டீனில் சோப்பும் டீத்தூளும் கொஞ்சம் மலிவு. வீடு அங்கே விற்பதில்லை.

சரி, வாடகையைக்கூடச் சமாளித்துவிடலாம். வீட்டுக்காரர்களின் பயத்தைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. ஓர் ஆச்சி, தங்கமான மனுஷி, வீட்டைச் சுற்றிக் காட்டினார், கிணற்றைக் காட்டினார், உட்காரவைத்துக் காபி கொடுத்தார். கடைசியில், "ஆம்பளை இல்லாத வீட்டுக்கு எப்படிம்மா குடுக்கிறது? அவுக வந்து கையெழுத்துப் போடட்டும், பாப்போம்" என்றார். அவுகளுக்கு லீவு கிடைப்பதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். இன்னோர் இடத்தில், "திடீர்னு மாத்தல்னு கிளம்பிருவீக, நான் மறுபடியும் ஆள் தேடி அலையணும்" என்றார்கள். அதே தெருவில் வேறொருவர், பட்டாளத்துக்காரர் ஒருமுறை குடிவந்துவிட்டால் கிளப்பவே முடியாது என்று புரோக்கரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். போய்விடுவோம் என்றும் பயம், போகமாட்டோம் என்றும் பயம்!

இதோடு புதிதாக ஒரு தலைவலி. இணையத்தில் வீட்டு விளம்பரம் போடுகிறவர்களுக்கு ஒரு போன் வரும்: நான் ஆர்மி ஆபீசர், உங்கள் ஊருக்கு மாற்றலாகி வருகிறேன், வீட்டைப் பார்க்காமலே எடுத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் சீருடைப் படமும் அடையாள அட்டையும் வரும். அட்வான்ஸ் அனுப்ப இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் பின் நம்பரைப் போடுங்கள் என்பான். போட்டால் பணம் வராது, நம் கணக்கிலிருந்து போய்விடும். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் எதற்கு என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. நாடு முழுக்க நடக்கிற மோசடி இது. இதனால் என் கணவர் அங்கிருந்து போன் செய்தபோது ஒரு வீட்டுக்காரர் பாதிப் பேச்சிலேயே வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். உண்மையான பட்டாளத்துக் குடும்பம் என்றால் மனைவியோ, மாமனாரோ, கொழுந்தனோ யாராவது நேரில் வந்து நிற்பார்கள். ராணுவ அடையாள அட்டையை நகல் எடுத்துக் கொடுக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. அதைத் தாராளமாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவனைத்தான் சந்தேகப்பட வேண்டும். எங்களிடம் ஆதார் கேளுங்கள், யூனிட்டிலிருந்து ஒரு கடிதம் கேளுங்கள், தருகிறோம்.

செட்டிநாட்டில் வீட்டுக்கா பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எங்கே போனாலும் முன் தெருவில் முகப்பும் பின் தெருவில் கொல்லையுமாக நீளும் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், சாவி மட்டும் வாட்ச்மேனிடம். யாரிடம் பத்திரம் எழுதுவது? முன்னோருக்குப் படைக்கிற படைப்பு வந்தால், கல்யாணம் வந்தால் அத்தனை பேரும் வந்து இறங்குவார்கள். அந்த வீடுகளை நான் கேட்கவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த அந்த வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பெரிய கூடத்தை,  பெருக்கித் துடைத்து முடிப்பதற்குள் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்துவிடுவார்கள். நான் சொல்வது செக்காலையிலும் கழனிவாசலிலும் புதிதாகக் கட்டி, யாருக்கும் விடாமல் பூட்டி வைத்திருக்கிற சின்ன வீடுகளை.

ஏன் பூட்டி வைக்கிறார்கள் என்பது புரியாமலில்லை. 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில், குடியிருப்பவரைக் காலி செய்யவைக்க வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்த கதை பல குடும்பங்களில் உண்டு. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அதைத் திருப்பித் தர வேண்டும். காலம் முடிந்தும் கிளம்பாதவரிடம் கூடுதல் தொகை கேட்கவும் வீட்டுக்காரருக்கு வழி இருக்கிறது. ஆனாலும் இங்கே நடப்பது பழைய கதைதான்: பத்து மாத அட்வான்ஸ், பதினொரு மாதப் பத்திரம், பதிவு என்ற பேச்சே கிடையாது. மாற்றலில் கிளம்பும் நேரத்தில், அடுத்த ஆள் வந்ததும் அட்வான்ஸ் தருகிறேன் என்பார்கள். அஸ்ஸாமில் இருந்துகொண்டு காரைக்குடியில் பணத்துக்கு யார் நடப்பது?

அமெரிக்காவில் படையினருக்கென்று 2003இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மாற்றல் உத்தரவின் நகலோடு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டால், மாத வாடகை வீடு என்றால் அடுத்த வாடகை நாளிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடிந்துவிடும். இங்கே அதை நாமே பத்திரத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். நான் இப்போது இருக்கும் வீட்டுக்காரர் அதற்குச் சம்மதித்தார். மாற்றல் உத்தரவு வந்தால் ஒரு மாத நோட்டீசில் நாங்கள் காலி செய்யலாம், மீதி மாதங்களுக்கு வாடகை கேட்க மாட்டார், சாவி கொடுக்கும் அன்றே அட்வான்ஸ் கைக்கு வந்துவிடும். அவருக்கும் ஒரு வரி சேர்த்தோம். துபாயில் இருக்கும் மகன் குடும்பத்தோடு திரும்பினால் மூன்று மாத நோட்டீசில் வீட்டைக் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு பக்கத்துப் பயமும் அந்த ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது.

அப்புறம், பத்திரத்தை மனைவி பெயரில் எழுதுங்கள். வாடகை போடுவது நான், மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிடுவது நான், வீட்டைப் பெருக்கிப் பூட்டிச் சாவி கொடுக்கப் போவதும் நான். கையெழுத்துக்கு மட்டும் எல்லையிலிருந்து ஆள் வர வேண்டுமா? நான் போடும் கையெழுத்தும் சட்டப்படி செல்லும். ஆதாரில் முகவரி மாற்றவும் சிலிண்டர் வாங்கவும் என் பெயரில் ஒரு காகிதம் இருப்பது பெரிய உதவி. புரோக்கர்களே முதலில் இதைச் சொல்ல வேண்டும். ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்குகிறார்களே, அதற்காகவாவது.

சிவகங்கையில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் உங்கள் வழியாக ஒரு கோரிக்கை. பட்டாளத்துக் குடும்பங்களுக்கு வீடு தரத் தயாராக இருப்பவர்களின் பட்டியல் ஒன்றை அவர்கள் வைத்திருக்கலாம். ஓய்வுபெற்ற சுபேதார்களும் ஹவில்தார்களும் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வந்து நிற்பது உண்மையான குடும்பம்தானா என்று வீட்டுக்காரருக்கு விசாரித்துச் சொல்ல அவர்களைவிட்டால் யார்? பள்ளி மாற்றத்தை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் பல குடும்பங்கள் இடம் மாறும். அதற்கு முன் பட்டியல் வந்தால் உதவியாக இருக்கும். உங்கள் வரி விளம்பரப் பகுதியிலும், 'ராணுவக் குடும்பத்துக்கும் தரப்படும்' என்று சேர்க்க யாராவது முன்வந்தால், அந்த ஒரு வரிக்குக் கட்டணம் வாங்காமல் விட முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு ராணுவ வீரரின் மனைவி,
செக்காலை, காரைக்குடி.