மறுவாழ்வின் பலனையும் அளக்க வேண்டும்

ஐயா,

தமிழக அரசின் ‘உரிமைகள்’ திட்டத்தில் திறக்கப்பட்டுவரும் ‘விழுதுகள்’ சேவை மையங்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கான சிகிச்சைகள் ஒரே இடத்தில் கிடைப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், பயனாளிகள் எத்தனை பேர் என்ற கணக்கோடு நின்றுவிடாமல், அவர்கள் வாழ்வில் என்ன மாறியது என்பதையும் அளந்தால்தான் எந்தச் சிகிச்சை யாருக்குப் பலன் தந்தது என்பது விளங்கும். சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே காலை இழந்த என் தந்தைக்கு முகாம் ஒன்றில் செயற்கைக் கால் வழங்கினார்கள். பதிவேட்டில் அவரும் ஒரு பயனாளி. சில மாதங்களில் எஞ்சிய கால் மெலிந்து, அது பொருந்தும் கிண்ணம் போன்ற பகுதியான சாக்கெட் தளர்ந்து, தோல் உரசிப் புண்ணாகிவிட்டதால், அந்தச் செயற்கைக் கால் இரண்டு ஆண்டுகளாகப் பரணில் கிடக்கிறது. சாக்கெட்டை மாற்றியிருந்தால் அவர் நடந்திருப்பார். ஆனால், எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எவரும் வரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ‘வூடாஸ் 2.0’ கேள்வித்தாள், நடமாட்டம், தன்பராமரிப்பு உள்ளிட்ட ஆறு கூறுகளில், கடந்த 30 நாட்களில் ஒருவர் பட்ட சிரமத்தை அளக்கிறது. அதன் சுருக்க வடிவில் 12 கேள்விகளே உள்ளன. சிகிச்சை தொடங்கும்போதும், பின்னர் மூன்றாவது, பன்னிரண்டாவது மாதங்களிலும் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று இதைப் பதிவுசெய்து, பெயர் விவரங்களை நீக்கிய முடிவுகளை மாவட்டவாரியாக ஆய்வாளர்களுக்கு வழங்க அரசு முன்வர வேண்டும்.

- வாசகர் ஒருவர், விழுப்புரம்